நன்றி கார்டில் வந்த பெயர்

மகனுக்கு,

திருமண அழைப்பிதழில் அச்சிட வேண்டிய வாசகத்தை நேற்று என் கைபேசிக்கு அனுப்பியிருந்தாய். அதன் உச்சியில், கடவுளுக்கு அடுத்தபடியாக, உன் பெயருக்கும் நீ மணக்கப்போகும் பெண்ணின் பெயருக்கும் மேலே, ‘தலைமை’ என்று தடித்த எழுத்தில் போட்டு, உன் ஸ்டுடியோ முதலாளியின் பெயர் இருந்தது. நீ அவரை அண்ணன் என்கிறாய். அவர் எனக்கு மூத்த பிள்ளை இல்லை என்பதால் நான் முதலாளி என்றே எழுதுகிறேன். வாசகத்துக்குக் கீழே, ‘நைனா, இத மட்டும் மாத்தாத, ப்ளீஸ்’ என்று ஒரு வரி. அந்த வரிக்கான பதில்தான் இந்தக் கடிதம்.

இதை உனக்கு மட்டும் அனுப்பாமல் பலரும் படிக்கும் இடத்தில் எழுதுகிறேன். தனியே சொன்னவற்றையெல்லாம் ‘விடு நைனா’ என்று நீ மூடிவிட்டாய். உன் முதலாளியோ தன்னைப் பற்றி எங்கே எழுதினாலும் தேடிப் படிப்பவர் என்று நீயே சொல்லியிருக்கிறாய், இதையும் படிக்கட்டும். அவர் பெயரை இதில் எழுதப்போவதில்லை. உன் பெயரைக்கூட எழுதவில்லை. அது வர வேண்டிய இடம் வேறு. எனக்குக் குரலை உயர்த்தும் பழக்கம் கிடையாது. இரும்பு உருட்டும் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தவனுக்கு, கத்திப் பயனில்லை என்பது முதல் வாரத்திலேயே புரிந்துவிடும். அந்த இரைச்சலில் கையை அசைத்துத்தான் பேச முடியும். ஆகவே, இந்தக் கடிதம் அமைதியாக இருக்கிறது என்பதற்காக நான் அமைதியாக இருக்கிறேன் என்று நினைத்துவிடாதே.

நீ என்ன வேலை செய்கிறாய் என்பது கும்மிடிப்பூண்டியில் நம் தெருவில் பலருக்கு இன்றும் விளங்கவில்லை. சினிமாவில் இருக்கிறான் என்றால், நடிக்கிறானா என்று கேட்கிறார்கள். படம் தொடங்கும்போது பெயர்கள் வருகின்றன அல்லவா, அவை எந்தப் பக்கத்திலிருந்து, எந்த வேகத்தில், எந்த வடிவத்தில் வர வேண்டும், எங்கே நிற்க வேண்டும், எப்போது கலைய வேண்டும் என்று ஒருவன் உட்கார்ந்து முடிவு செய்கிறான், அந்த ஒருவன் என் மகன் என்பேன். ‘அதுக்குன்னு தனியா ஒரு ஆளா சார்?’ என்பார்கள். தனியாக ஒரு ஆள் வேண்டும் என்பதை நீதான் எனக்குக் காட்டினாய். பதுங்கி வரும் எழுத்து ஒரு கதையைச் சொல்கிறது, இடிந்து விழும் எழுத்து வேறு கதையைச் சொல்கிறது. முதல் காட்சி தொடங்குவதற்கு முன்பே, இந்தப் படத்தில் பயப்பட வேண்டுமா சிரிக்க வேண்டுமா என்று பார்ப்பவனின் உடம்புக்குத் தெரிந்துவிடுகிறது. அதைச் செய்வது நடிகரல்ல, எழுத்தின் நடை.

அண்மையில் வந்த படத்தின் பெயர்களுக்கு நீ மாதிரியாக எடுத்துக்கொண்டது எங்கள் ஆலையை. நீ கல்லூரியில் படித்தபோது அனுமதி வாங்கி உன்னை ஒருமுறை உள்ளே அழைத்துச் சென்றேன். கடைசி உருளையில் கம்பெனியின் பெயர் கண்ணாடியில் தெரிவதைப்போல இடம்வலம் மாற்றி வெட்டப்பட்டிருக்கும். பழுத்த கம்பி அதற்குள் நுழைந்து, அந்தப் பெயரை உடம்பில் வாங்கிக்கொண்டு வெளியே பாயும். பிறகு தண்ணீர்ப் பெட்டிக்குள் புகுந்து கறுத்து வரும். கறுப்பு மேல்தோலில் மட்டும்தான். உள்ளே நெருப்பு அப்படியே இருக்கும். ஆறுவதற்காகப் படுக்கையில் வந்து கிடக்கும்போது, அந்த உள்நெருப்பு வெளியே கசிந்து, கம்பி மறுபடி சிவக்கும். பட்டப்படிப்பில் இதற்கான விளக்கத்தை நான் எழுதித் தேறியிருக்கிறேன். ஆனால் நீ பார்த்ததை நான் பார்த்ததில்லை. என் காதருகில் வந்து கத்தினாய்: ‘நைனா, ஓடச்சொல்ல பேரே தெரியல. நின்னாதான் பேரு!’

பல வருடங்கள் கழித்து அதையே திரையில் செய்தாய். இருட்டில் ஒரு சிவப்புக் கோடு இடமிருந்து வலமாகப் பாய்கிறது. கறுத்துப்போகிறது. பிறகு உள்ளிருந்து சிவந்து, அதன் உடம்பில் புடைத்த எழுத்தாக ஒரு பெயர் எழுகிறது. ஆனால் அந்தப் பெயர் முழுமையாக இல்லை. மெய்யெழுத்துகளுக்குப் புள்ளி இல்லை. ‘குமார்’ என்பது ‘குமார’ என்று நிற்கிறது. பார்ப்பவன் ஒரு நொடி தடுமாறும்போது, கம்பியிலிருந்து ஒரு தீப்பொறி தெறித்து, வளைந்து வந்து, அந்த எழுத்தின் தலையில் உட்கார்ந்து புள்ளியாகிறது. அப்போதுதான் பெயர் பெயராகிறது. வேறு எந்த மொழிப் படத்திலும் இதை அப்படியே செய்ய முடியாது என்று நீ சொன்னபோது, ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுத் தட்டு உன் முன்னே ஆறிக்கொண்டிருந்தது.

பெயர் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதற்கு நீ வைத்த அளவுகோல் உன் அம்மா. ஐந்தாம் வகுப்போடு நின்றுபோனவள், எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். மடிக்கணினியை அவள் முன்னால் வைத்து, வரும் பெயர்களை உரக்கப் படிக்கச் சொல்வாய். ‘இருடா, ஓடாத, படிச்சிக்கினுதான கீறேன்’ என்பாள். நீ ஓட்டத்தை மறுபடி மெதுவாக்குவாய். ‘அம்மா படிச்சு முடிக்கிற வரைக்கும் பேரு நிக்கணும் நைனா. அதுக்கு மேல ஒரு மூச்சு. அதுதான் மரியாதை’ என்றாய். பொறியியல் பாடப்புத்தகம் எதிலும் நான் படிக்காத அளவை அது. நான் எழுந்துபோய்க் கை கழுவினேன். உன் முன்னால் கண் கலங்குவது எனக்குப் பிடிக்காது.

படம் வந்தது. நானும் உன் அம்மாவும் போனோம். ஆலையில் கிரேன் ஓட்டும் ஏழுமலையும் கூடவே வந்தான். உன்னைச் சிறுவயதிலிருந்து தெரிந்தவன், தம்பி பேர் வரும்போது விசில் அடிப்பேன் என்று மிரட்டிக்கொண்டே வந்தான். புகைபிடித்தல் பற்றிய எச்சரிக்கை ஓடி முடிந்தது. சனம் இன்னும் கைபேசி வெளிச்சத்தில் இருக்கையைத் தேடிக்கொண்டிருந்தது. அப்போது ‘நன்றி’ என்று ஒரு கார்டு வந்தது. படப்பிடிப்புக்கு இடம் கொடுத்தவர்கள், லாரி கொடுத்தவர்கள், சாப்பாடு கொடுத்தவர்கள் என்று பொடி எழுத்தில் ஒரு கும்பல். கூட்டத்தின் நடுவே உன் பெயர். முன்னெழுத்து இல்லை, அதாவது உன் பெயருக்கு முன்னால் நான் இல்லை. கண் சிமிட்டினேன், கார்டு போய்விட்டது. உன் அம்மா அப்போதுதான் கண்ணாடியை உறையிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தாள்.

‘சார், அதுல நம்ம தம்பி பேராட்டம் ஒண்ணு போச்சே?’ என்றான் ஏழுமலை. ‘தப்பாப் பாத்துட்டனா?’

அதற்குள் திரை இருண்டது, சிவப்புக் கோடு பாய்ந்தது. அடுத்த சில நிமிடங்கள் நான் என் ஆலையைப் பார்த்தேன், முப்பது வருடங்களாகப் பார்த்ததைவிடத் தெளிவாக. முதல் பொறி தெறித்துப் புள்ளியாக அமர்ந்தபோது, ‘யோவ், புள்ளி வந்து குந்துது பாருய்யா!’ என்று முன்வரிசையில் எவனோ கத்தினான். கதாநாயகன் பெயருக்குக் கைத்தட்டுவது வழக்கம். அன்றைக்கு ஒலிப்பதிவாளர் பெயருக்குக்கூடக் கைத்தட்டினார்கள், பொறிக்காக. உன் அம்மா ஒவ்வொரு பெயரையும் உரக்கப் படித்தாள். ஒன்றுகூடத் தப்பவில்லை. அவளை வைத்து அளந்ததுதானே! கடைசிக்குச் சற்று முன்னால், ‘டைட்டில் வடிவமைப்பு’ என்று உன் முதலாளியின் பெயர் வந்தது. கறுத்தது, சிவந்தது, பொறி வந்தது. அந்தப் பெயரையும் உன் அம்மா நிதானமாகக் கூட்டிப் படித்து முடித்தாள். அதற்கு மேல் ஒரு மூச்சு நேரம் அது நின்றது. பிறகு என் பக்கம் திரும்பி, ‘ஏம்பா, நம்ம பையன் பேரு இன்னும் வர்லியே?’ என்றாள்.

ஏழுமலை விசில் அடிக்கவில்லை. இடைவேளையில் எங்கள் மூவருக்கும் டீ வாங்கி வந்தான்.

அடுத்தது திருநின்றவூர். படம் வீட்டுத் தொலைக்காட்சிக்கு வந்ததும் உன் வருங்கால மாமனார் எங்களை அங்கே தன் வீட்டுக்கு அழைத்தார். சொந்தக்காரர்களையும் கூட்டி வைத்திருந்தார், மாப்பிள்ளை பெயரைக் காட்டுவதற்காக. அவர் நல்ல மனிதர். சென்னைக்குத் தினமும் ரயிலில் போய்வந்து இரண்டு பெண்களைப் படிக்கவைத்தவர். படம் ஓடியது. உன் முதலாளியின் பெயர் வந்து போனது. ‘இன்னா சம்பந்தி, மாப்ள பேரு எங்க?’ என்றார். உன் வருங்கால மனைவிதான் ரிமோட்டை வாங்கி, தொடக்கத்துக்குப் போய், அந்த நன்றி கார்டை நிறுத்திக் காட்டினாள். எல்லோரும் எழுந்துபோய்த் திரைக்கு அருகில் நின்று தேடினார்கள். மேலே ஓர் அரிசி ஆலை உரிமையாளர், கீழே ஒரு பிரியாணிக் கடை, நடுவில் நீ. உன் மாமனார் உண்மையாகவே குழம்பிப்போய்க் கேட்டார்: ‘நன்றியா? ஏன், மாப்ள ஷூட்டிங்குக்கு ஊடு எதனா வுட்டாரா?’

அறையில் சிரித்தார்கள். கேலி செய்ய நினைத்து யாரும் சிரிக்கவில்லை. அதனால்தான் அது தாங்க முடியாததாக இருந்தது. அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. ‘அந்தப் புள்ளி வந்து உக்கார்றது மொத்தமும் அவரு பண்ணதுப்பா’ என்றாள். ‘அப்ப பேரு ஏன் வேற ஆளுது?’ என்று கேட்டார் அவள் அப்பா. அதே கேள்வியை அன்று மாலையே உன்னிடம் கேட்டேன்.

நீ சொன்னவற்றை வரிசையாகத் திருப்பிச் சொல்கிறேன், சரியா பார். ஸ்டுடியோ பெயரில் எடுத்த வேலைக்கு ஸ்டுடியோ முதலாளி பெயர்தான் வரும், ஒப்பந்தத்தில் அப்படித்தான் கையெழுத்திட்டிருக்கிறாய். நீ செய்த வேலையின் கோப்புகள் அவர்களுடைய கணினியில் இருக்கின்றன; வேறிடத்தில் வேலை கேட்டால் காட்டுவதற்கு உன் கையில் ஒன்றும் இல்லை. வேறு ஸ்டுடியோக்காரர்கள் உன்னை எடுப்பதற்கு முன் இவரைத்தான் அழைத்துக் கேட்பார்கள். அடுத்த படம் பெரிய படம், அதில் பெயர் போடுவதாகச் சொல்லியிருக்கிறார், போன படத்துக்கும் அப்படித்தான் சொன்னார். கல்யாணத்துக்கு அவரைத் தலைமைக்கு வைத்தால் மனம் குளிரும். இவ்வளவையும் சொல்லிவிட்டு, ‘எப்டி வெளிய வர்றது நைனா? நீயே சொல்லேன்’ என்றாய். என் ஆலையில் கம்பி அப்படித்தான் ஓடுகிறது: பின்னால் தள்ளும் உருளை, முன்னால் இழுக்கும் உருளை, இரண்டு பக்கமும் தடம். விலக முயன்ற கம்பி கூரைவரை துள்ளிச் சுருண்டு விழும். அன்றைய உற்பத்தி நின்றுபோகும், கம்பியும் பழைய இரும்புக்குத்தான் போகும். ஆகவே, துணிந்து வெளியே குதி என்று உனக்கு மேடைப்பேச்சு பேச நான் தயாராக இல்லை. ஆனால் இந்த அழைப்பிதழ் உனக்காகச் செய்யப்பட்ட அடுத்த உருளை என்பது எனக்குத் தெரிகிறது. உனக்குத் தெரியவில்லை என்பதுதான் என் கோபம்.

போன வாரம் உன் முதலாளி என்னை அழைத்தார். நீ எண்ணைக் கொடுத்திருக்கிறாய். மிகவும் மரியாதையான குரல். தேதியைக் கேட்டார், மண்டபத்தைக் கேட்டார், தானே வந்து தாலி எடுத்துக் கொடுப்பதாகச் சொன்னார். நான் டைட்டில் பற்றிக் கேட்டேன். ஒரு கணமும் தயங்கவில்லை. ‘சார், நன்றி கார்டுல போட்டேனே, பாக்கலியா? எத்தினி பேருக்கு அது கெடைக்கும்? தம்பி நம்ம ஊட்டுப் புள்ள சார். ஊட்டுப் புள்ளைக்குப் போயி யாரனா பேரு போடுவாங்களா?’

‘எங்கள் வீட்டில் பிள்ளை பிறந்ததும் முதல் வேலையாகப் பெயர்தான் வைப்போம்’ என்றேன்.

சிரித்தார். நான் நகைச்சுவையாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டார்.

நீ என்னைப் பார்த்து ஒன்று கேட்கலாம்: நைனா, நீ உருட்டிய கம்பியில் உன் பெயரா இருக்கிறது? இல்லை. ஆலை முதலாளியின் தாத்தா பெயர்தான் இருக்கிறது. நாளைக் காலை ஷிஃப்டிலும் அதே பெயர் பதிந்த கம்பியைத்தான் பரிசோதித்து அனுப்புவேன். அதில் எனக்கு வருத்தமில்லை. கம்பியில் பெயர் எதிர்பார்த்து நான் வேலைக்குப் போகவில்லை. ஆனால் ஒன்றைக் கவனி. நான் அங்கே இன்ஜினியர் என்பதை அவர்கள் மறுத்ததில்லை. நான் வேலை செய்யவில்லை, அந்தப் பக்கமாகப் போனபோது ஒரு கை கொடுத்தேன், அதற்கு நன்றி என்று யாரும் என்னைப் பற்றி எழுதியதில்லை. உன் பெயரைப் போடாமலே விட்டிருந்தால் அதை ஒரு மௌனம் என்று எடுத்துக்கொண்டிருப்பேன். நன்றி என்று போட்டது பொய். உதவியவனுக்குத்தான் நன்றி, உழைத்தவனுக்கு அவன் உழைப்பின் பெயர். இந்தச் சொல்லை அவர் இடம் மாற்றி வைத்திருக்கிறார், எங்கள் உருளையில் எழுத்தை மாற்றி வெட்டுவதைப்போல. வித்தியாசம், எங்களுடையது வெளியே வரும்போது நேராக வந்துவிடும்.

‘அண்ணன்’ என்ற சொல்லும் அப்படித்தான். கூலி கேட்கலாம் முதலாளியிடம். அண்ணனிடம் எதைக் கேட்டாலும் அது குறைபேசுவதாகிவிடும். கல்யாணத்துக்குப் பிறகு உன் மனைவி உன்னிடம் நேராகக் கேட்பாள், அவள் அப்படிப்பட்ட பெண் என்பதை அந்த அறையில் பார்த்தேன். அவளுக்கும் ‘விடு’ என்று பதில் சொல்லிப் பழகிவிடாதே. ஒரு வீட்டில் ஒருவர் மட்டும் விட்டுக்கொண்டே இருந்தால், மற்றவர் அந்த வீட்டில் பேச ஆள் இல்லாமல் வாழ்கிறார் என்று பொருள். உன் கோப்புகளின் நகலைக் கேள். எழுத்தில் கேள். மறுத்தால் அந்த மறுப்பையும் எழுத்தில் வாங்கு. அடுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன் உன் பெயர் எந்தக் கார்டில், எந்தச் சொல்லுக்குக் கீழே வரும் என்று எழுதச் சொல். இதனால் அந்தப் பெரிய படம் உன் கையைவிட்டுப் போகலாம். போகாது என்று உனக்கு நான் ஆறுதல் சொல்லப்போவதில்லை.

இனி அழைப்பிதழ். அது பெற்றோர் பெயரில் போகும் கடிதம். அழைப்பவன் நான். ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ என்பதற்குக் கீழே என் பெயர் வருகிறது. ஆகவே மேலே என்ன வரும் என்பதும் என் பொறுப்பு. இன்று மாலை பஜாரிலிருக்கும் அச்சகத்துக்குப் போய், நீ அனுப்பிய வாசகத்திலிருந்து தலைமை என்ற வரியை எடுக்கச் சொன்னேன். அந்த எழுத்துகளையும் ஓரத்து வேலைப்பாட்டையும் நீயேதான் வரைந்தாய் என்பதால், அடியில் ‘எழுத்தும் வடிவமைப்பும்’ என்று உன் பெயரை முன்னெழுத்தோடு போடச் சொன்னேன். அதற்கும் கீழே, பொடி எழுத்தில், ‘நன்றி’ என்று போட்டு, பந்தல்காரர், ஜெனரேட்டர் கொடுப்பவர், சமையல்காரர், அவர்களுக்கு நடுவில் உன் முதலாளி.

அச்சகக்காரர் கையை நிறுத்தினார். ‘சார், பத்திரிகைல நன்றியெல்லாம் போட மாட்டாங்க சார். இன்னா சார் இது, சினிமாவா?’

‘போடுங்கள். அவருக்கு அந்த இடம் பழக்கம்’ என்றேன்.

‘மாப்ளயே டிசைனுன்னு வேற போட்றீங்க. பாக்கறவன் சிரிப்பான் சார்.’

‘சிரிக்கட்டும். படித்துவிட்டுச் சிரிக்கட்டும்.’

உனக்கு இது அவமானமாக இருக்கும். இருக்கட்டும். தாலியை யார் கையால் வாங்கிக் கட்டுவது என்பதை நீங்கள் இருவரும் பேசி முடிவு செய்யுங்கள். அவர் கையால்தான் என்றால் நான் மேடையில் ஓரமாக நின்று பார்த்துக்கொள்கிறேன். என்னால் நிறுத்த முடிந்தது ஒரு வரிதான். அதை நிறுத்திவிட்டேன்.

சற்று முன்னால் அச்சகத்திலிருந்து மாதிரிப் பிரதி வந்தது. உன் அம்மாவிடம் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலை வைத்து, மேலிருந்து எழுத்துக் கூட்டி ஆரம்பித்தாள். காகிதம் எங்கேயும் ஓடவில்லை, அவளும் அவசரப்படவில்லை. அடியில் ‘எழுத்தும் வடிவமைப்பும்’ என்ற இடத்தில் உன் பெயருக்கு வந்து, இரண்டு முறை படித்து, விரலை எடுக்காமலே என்னைக் கூப்பிட்டாள்.

‘ஏம்பா, நம்ம பையன் இன்ஷியலுக்குப் பிரஸ்காரன் புள்ளி வெக்காம உட்டுட்டான் பாரு.’

அச்சகத்தை அழைத்தேன். அந்தப் புள்ளியை வைத்துவிட்டு அச்சடிக்கச் சொல்லிவிட்டேன்.

உன் நைனா